டெண்டர் அவருக்கு, பாக்கி நமக்கா?

கல்யாணச் சமையல்காரர் எழுதிக் கொடுக்கும் சாமான் பட்டியலைக் கையில் வாங்கியதுமே, எத்தனை இலை என்று கேட்காமல் சொல்லிவிடக் கூடியவர்கள் நம் மளிகைக் கடைக்காரர்கள். அரிசியும் துவரம் பருப்பும் இருக்கிற அளவைப் பார்த்தால் எத்தனை பந்தி என்று தெரியும். முந்திரியையும் நெய்யையும் பார்த்தால் வீட்டாரின் வசதி தெரியும். எண்ணெய் டின் கணக்கைப் பார்த்தால், சமையல்காரர் தம் வீட்டுக்கும் சேர்த்து எழுதியிருக்கிறாரா என்பதுகூடத் தெரிந்துவிடும். (வெளியே சொல்ல மாட்டோம், அது வேறு விஷயம்.) இந்தக் கணக்கை எந்தக் கல்லூரியிலும் சொல்லிக் கொடுப்பதில்லை. தராசுக்குப் பின்னால் இருபது வருடம் நின்றால்தான் வரும்.

ஆனால் அதே சமையல் காண்ட்ராக்ட்காரர், "கல்லூரி ஹாஸ்டல் டெண்டர் எடுத்துவிட்டேன் அண்ணாச்சி" என்று இனிப்புப் பெட்டியோடு வந்து நிற்கும்போது, இத்தனை கணக்கும் நமக்கு மறந்து போகிறது. சாப்பாடு ஒன்றுக்கு என்ன விலை போட்டீர்கள், பில் எத்தனை நாளில் பாஸ் ஆகும், விலை ஏறினால் யார் பொறுப்பு என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. இனிப்பை வாங்கிக்கொண்டு பேரேட்டில் புதுப் பக்கம் திறந்து விடுகிறோம்.

நமக்குத் தெரிந்த மொத்த வியாபாரி ஒருவர் அப்படித் திறந்த பக்கம், நான்கு மாதத்தில் மூட முடியாத பக்கமாகிவிட்டது. காண்ட்ராக்ட்காரர் நேர்மையானவர்தான்; குடி, சீட்டு என்று எந்தப் பழக்கமும் இல்லை. போட்டியில் ஜெயிக்க வேண்டும் என்று கட்டுப்படியாகாத விலைக்கு எடுத்திருந்தார். முதல் மாத பில் மூன்றாம் மாதம்தான் வந்தது. அதற்குள் தக்காளி ஏறியது, கேஸ் ஏறியது, மாஸ்டர் சம்பளம் கேட்டார். கடைசியில் சமையல் கட்டையே பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நம் வியாபாரி அந்த அலுவலகத்தில் போய் நின்றபோது கிடைத்த பதில்: "உங்களுக்கும் எங்களுக்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லையே." சட்டப்படி அது சரியான பதில்தான். அதுதான் வேதனை.

ஆகவே, கேட்டரிங் டெண்டரை எப்படி எழுதி ஜெயிப்பது என்பது கேட்டரிங் தொழில் செய்கிறவர்களின் விஷயம், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. அந்த டெண்டரில் ஓடுகிற முதல் பெரும்பாலும் நம்முடைய முதல். அது போக, நம் உறுப்பினர்களில் பலர், குறிப்பாக இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகள், "நாமே ஒரு மாஸ்டரை வைத்து எடுத்துச் செய்தால் என்ன?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கேட்பது நியாயம். ஜெயிக்கிற டெண்டர் என்று நாம் சொல்வது, கையில் கிடைத்து, காலம் முடியும்வரை நடத்தி, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, மளிகைப் பாக்கியையும் தீர்க்கிற டெண்டரை. ஆர்டர் கிடைத்த அன்றைக்கு மாலை போட்டுக் கொள்வதை மட்டும் வைத்து வெற்றி என்று சொல்ல நாம் தயாரில்லை.

முதலில் விதியைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் அரசு அலுவலகங்கள், உள்ளாட்சிகள், அரசு நிறுவனங்கள் கொள்முதல் செய்வது 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி. அதற்கான விதிகள் 2000இல் வந்தன. 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாட்களும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாட்களும் அவகாசம் தர வேண்டும் என்பது பொது விதி. தகுதியுள்ளவர்களில் மிகக் குறைந்த விலை போட்டவருக்கே தர வேண்டும்; விலையைக் குறைக்கும்படி பேச வேண்டுமானால் அவரிடம் மட்டுமே பேசலாம். முடிவில் குறை இருந்தால், உத்தரவு கையில் கிடைத்த 10 நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். இந்தப் பத்து நாள் விஷயம் நம்மில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குத் தெரியாது. டீக்கடையில் புலம்பியே பத்து நாளும் போய்விடும்.

மத்திய அரசு அலுவலகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி நடக்கின்றன. அங்கே டேவணித் தொகை, மதிப்பீட்டில் 2 முதல் 5 சதவீதம் வரை. 2016இல் தொடங்கிய 'ஜெம்' இணையச் சந்தையில் இப்போது கேட்டரிங், கேண்டீன் சேவைகளுக்கும் டெண்டர் வருகிறது.

எல்லா இடத்திலும் பழக்கத்தில் இருப்பது இரட்டை உறை முறைதான். முதல் உறையில் தகுதி, இரண்டாம் உறையில் விலை. முதல் உறையில் தேறாதவரின் இரண்டாம் உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். இதை நன்றாக மனதில் வாங்கிக் கொள்ள வேண்டும். இரவெல்லாம் உட்கார்ந்து காசு காசாகக் கணக்குப் போட்டு எழுதிய விலையை யாரும் பார்க்காமலேயே டெண்டர் தள்ளுபடியாவது நம்மவர்களுக்கு அடிக்கடி நேர்கிறது. காரணம் பெரிய குற்றம் எதுவும் இருக்காது. ஒரு பக்கத்தில் கையெழுத்து விட்டுப் போயிருக்கும். ஆடிட்டர் கொடுத்த விற்றுமுதல் சான்றில் யு.டி.ஐ.என். எண் இருக்காது, 2019 முதல் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் தரும் சான்றுகளுக்கு அந்த எண் கட்டாயம். உணவுப் பாதுகாப்பு உரிமம் மளிகை விற்பனைக்கு எடுத்ததாக இருக்கும், கேட்டரிங் அதில் சேர்ந்திருக்காது. முத்திரைத் தாளில் கேட்ட உறுதிமொழியை வெள்ளைத் தாளில் கொடுத்திருப்பார். டிஜிட்டல் கையொப்பம் போன மாதமே காலாவதியாகியிருக்கும். கடைசி நாள் மதியம் பதிவேற்றலாம் என்று இருந்து, இணையம் சுற்றிக்கொண்டே இருந்ததில் மணி மூன்று அடித்திருக்கும்.

இதற்கு ஒரே வழி, டெண்டர் விளம்பரம் வருவதற்கு முன்பே ஒரு கோப்பு தயாராக இருப்பது. பான், ஜி.எஸ்.டி. பதிவு, மூன்று வருட வருமான வரிக் கணக்கு, விற்றுமுதல் சான்று, கேட்டரிங்குக்கான உணவுப் பாதுகாப்பு உரிமம், இ.எஸ்.ஐ., பி.எஃப். எண்கள், சமையல் ஆட்களின் மருத்துவச் சான்று, முன்பு செய்த வேலைக்கான அனுபவச் சான்று ஆகியவை அதில் இருக்க வேண்டும். கல்யாணமும் காதுகுத்தும் செய்த அனுபவத்தை இவர்கள் கணக்கில் எடுக்க மாட்டார்கள். "இத்தனை பேருக்கு, இத்தனை மாதம், இந்த நிறுவனத்தில் செய்தார், திருப்தி" என்று லெட்டர்பேடில் எழுதி வாங்கிய சான்று வேண்டும். எனவே முதலில் ஒரு சிறிய தனியார் பள்ளியிலோ, நாற்பது ஐம்பது பேர் வேலை செய்யும் பட்டறையிலோ ஒரு வருடம் செய்து, அந்தச் சான்றை வாங்கிக்கொண்டு பெரிய இடத்துக்குப் போவதே முறை. எடுத்த எடுப்பில் ஆயிரம் பேர் ஹாஸ்டல் என்று கிளம்புகிறவர்கள் நம்மிடம் கடன் கேட்டால், இரண்டு முறை யோசிப்பது நல்லது.

நம் உறுப்பினர்கள் பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. "எங்களிடம் உத்யம் சான்று இருக்கிறது, டேவணித் தொகை கட்ட வேண்டியதில்லை" என்று நினைத்துக்கொண்டு தொகை கட்டாமல் டெண்டர் போடுகிறார்கள். மத்திய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கைப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு அந்த விலக்கு உண்டு, உண்மை. ஆனால் அது உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும் உரியது. சில்லறை, மொத்த வியாபாரிகளை 2021 ஜூலையில் உத்யம் பதிவுக்குள் சேர்த்தபோது, வங்கியில் முன்னுரிமைக் கடன் பெறுவதற்கு மட்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் சேர்த்தார்கள். வியாபாரி என்று பதிந்த சான்றை வைத்து டேவணி விலக்குக் கேட்டால் டெண்டர் தள்ளுபடிதான். கேட்டரிங் செய்யப் போகிறவர் அதைச் சேவைத் தொழிலாக முறைப்படி பதிந்துகொள்ள வேண்டும். மாநில அரசு டெண்டர்களில் விதி வேறு. அந்தந்த டெண்டர் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வேதம்.

இதே நிபந்தனைக்கு இன்னொரு முகம் உண்டு, அது இன்னும் கசப்பானது. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாட்களுக்கு மேல் இழுத்தடித்தால், வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பதிவு செய்த கேட்டரிங்காரர் தமக்கு வர வேண்டிய பில்லுக்கு அந்தச் சட்டத்தைக் காட்டலாம். அவருக்குச் சரக்குப் போட்ட மளிகைக்காரர் காட்ட முடியாது. நாம் வியாபாரிகள் ஆயிற்றே! சமைத்தவருக்குச் சட்டம் உண்டு, சரக்குப் போட்டவருக்குப் பேரேடு மட்டும்தான்.

சரி, விலைக்கு வருவோம். டெண்டரில் உயிர் நாடி அதுதான்.

முந்நூறு பேர் தங்கியுள்ள ஒரு கல்லூரி விடுதியை எடுத்துக்கொள்வோம். மதியச் சாப்பாடு ஒன்றுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும். கணக்குப் போடும் விதத்தைக் காட்டவே இந்த உதாரணம். தலைக்கு 150 கிராம் அரிசி, கிலோ 56 ரூபாய் என்றால் 8.40. துவரம் பருப்பு 25 கிராம், கிலோ 120 என்றால் 3.00. காய்கறி 150 கிராம், சராசரி 40 ரூபாயில் 6.00. எண்ணெய் 15 கிராம், 150 ரூபாயில் 2.25. தயிருக்கு 4.50. புளி, மிளகாய், மல்லி, உப்பு, கடுகு, அப்பளம் எல்லாம் சேர்த்து 4.00. ஆக, சரக்கு மட்டும் 28 ரூபாய் 15 காசு. பெரும்பாலானோர் இங்கேயே பென்சிலை வைத்துவிட்டு, மேலே பத்து ரூபாய் சேர்த்து 38 என்று எழுதிவிடுகிறார்கள்.

பென்சிலை மறுபடி எடுப்போம். மாஸ்டர், உதவியாள், பரிமாறுபவர், பாத்திரம் தேய்ப்பவர் என்று பத்துப் பேர். சராசரி 700 ரூபாய் கூலி என்றால் நாளைக்கு 7,000. மூன்று வேளைக்கும் சேர்த்து 900 சாப்பாட்டில் பிரித்தால் 7.78. அவர்களுக்கு பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ.யில் முதலாளி பங்கு 3.25 சதவீதம்; அது ஒரு 1.19. வணிக சிலிண்டர் 19 கிலோ, நாளைக்கு இரண்டு, 1,900 ரூபாய் வீதம் என்றால் 4.22. வண்டிக் கூலி, துடைப்பம், சோப்பு, உடைசல் எல்லாவற்றுக்கும் 1.50. சரக்கில் சேதாரம் ஐந்து சதவீதம் வைத்தால் 1.41, அரிசியில் கல், காயில் அழுகல், இரண்டாம் முறை சோறு கேட்கிற பிள்ளை எல்லாம் அதற்குள் அடக்கம். இதுவரை 44.25. பில் பணம் வர மூன்று மாதம் ஆகும் என்றால், மாதம் ஒரு சதவீத வட்டியில் இன்னொரு 1.33. அடக்கம் 45 ரூபாய் 58 காசு. இதில் நம் லாபம் என்று இன்னும் ஒரு காசு சேர்க்கவில்லை. எட்டு சதவீதம் லாபம் வைத்தால் 49.23.

38 ரூபாய்க்கு எடுத்தவர் சரக்குக்கும் கூலிக்கும் கொடுத்த பிறகு கையில் மிஞ்சுவது இரண்டு ரூபாய் சொச்சம். கேஸுக்கே போதாது. மதியச் சாப்பாட்டில் மட்டும் ஒன்றுக்கு 7.58 நட்டம்; முந்நூறு பேருக்கு முப்பது நாளில் 68,220 ரூபாய். அவர் இதை எங்கிருந்து எடுப்பார்? பிள்ளைகளின் தட்டிலிருந்து கொஞ்சம், ஆட்களின் பி.எஃப்.பில் கொஞ்சம். மீதி நம் கடையிலிருந்து. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டிய நிலை வருவதும், ஒரே எண்ணெயைக் கறுக்கக் கறுக்கக் காய்ச்சுவதும் சமையல்காரரின் குணக்கேட்டால் மட்டும் வருவதில்லை. பல இடங்களில் அது டெண்டர் விலையிலேயே எழுதப்பட்டுவிட்ட விதி.

ஒரு ரூபாய்தானே என்று யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. முந்நூறு பேர், மூன்று வேளை, முப்பது நாள் என்றால் அந்த ஒரு ரூபாய் மாதம் 27,000. குறைந்த விலை போட்டவர் என்று கூப்பிட்டு, "இன்னும் கொஞ்சம் குறையுங்கள்" என்று அதிகாரி சிரித்த முகத்தோடு கேட்கும்போது, அடக்கச் சீட்டு சட்டைப் பையில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கச் சொன்னால் கும்பிட்டு எழுந்து வந்துவிடலாம். மத்திய அரசு டெண்டரில், நம் விலை குறைந்த விலையைவிட 15 சதவீதத்துக்குள் இருந்தால், அந்த விலைக்கு இறங்கி வந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்ளக் குறு, சிறு நிறுவனங்களுக்கு வாய்ப்பு உண்டு. கேட்க நன்றாக இருக்கும். இறங்கிப் போகிற அந்த விலை யாரோ கண்ணை மூடிக்கொண்டு போட்ட விலையாக இருந்தால், அவர் குழியில் நாமும் விழுகிறோம் என்று பொருள்.

மிகவும் அடிமட்ட விலை போட்டவரிடம், "இந்த விலைக்கு எப்படிச் செய்வீர்கள், பிரித்துக் காட்டுங்கள்" என்று எழுத்தில் விளக்கம் கேட்க மத்திய அரசின் கொள்முதல் கையேடுகளில் இடம் உண்டு. அதைக் கேட்கிற அதிகாரிகள் பெருக வேண்டும் என்பது நம் ஆசை. கேட்டால் மளிகைக்காரன் போட்ட அடக்கச் சீட்டுக்கு முன்னால் வேறு எவர் சீட்டும் நிற்காது.

வரியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மழலையர் பள்ளி முதல் மேல்நிலைப் பள்ளி வரை உணவு வழங்கும் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. கல்லூரி விடுதி, தொழிற்சாலை கேண்டீன் என்றால் 5 சதவீதம். அதில் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. அதாவது எண்ணெய்க்கும் சிலிண்டருக்கும் நாம் கட்டிய வரி நம் அடக்கத்திலேயே கிடக்கும். விலைப் புள்ளியில் "அனைத்து வரிகளும் உட்பட" என்று ஒரு வரி இருந்தால், அந்த 5 சதவீதமும் நம் கையைக் கடித்துவிடும். எட்டு சதவீத லாபத்தில் ஐந்து போனால் மீதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது விலை ஏற்றம். இதில்தான் நம் அனுபவம் பெரிய சொத்து. 2015 அக்டோபரில் துவரம் பருப்பு பல ஊர்களில் கிலோ 200 ரூபாயைத் தொட்டதை மறந்திருக்க மாட்டோம். 2019 கடைசியில் பெரிய வெங்காயம் நூறைத் தாண்டியது. 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசு விற்க வேண்டி வந்தது. 2024 செப்டம்பரில் சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை ஒரே இரவில் 20 சதவீதப் புள்ளி ஏற்றினார்கள். 2025 மே மாதம் கச்சா எண்ணெய்க்கு மட்டும் அதில் பாதியைக் குறைத்தார்கள். 2025இல் தேங்காய் ஏறிய ஏற்றத்தில், சட்னி அரைப்பதா வேண்டாமா என்று ஹோட்டல்காரர்கள் யோசித்தார்கள். பத்து வருடத்தில் ஏதாவது ஒரு சரக்கு ஆட்டம் காட்டாத வருடம் குறைவு.

கேட்டரிங் ஒப்பந்தமோ பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு, ஒரே விலை. பதினெட்டு மாதத்துக்கு மேற்பட்ட நீண்ட கால ஒப்பந்தத்தில்தான் விலை மாற்றத்துக்கு இடம் தரலாம் என்று பொது நிதி விதிகள் சொல்கின்றன. எஃகுக்கும் சிமெண்டுக்கும் அது பொருந்தலாம். தக்காளிக்கு எப்படிப் பொருந்தும்? தக்காளிக்குப் பதினெட்டு நாளே நீண்ட காலம். எனவே இன்றைய மார்க்கெட் விலையை வைத்து டெண்டர் போடக் கூடாது. கடந்த மூன்று வருடத்துக் கொள்முதல் சிட்டைகளை எடுத்து, பன்னிரண்டு மாதச் சராசரியைப் போட்டு, மிக மோசமான இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் தாங்கும்படி விலை எழுத வேண்டும். அந்தச் சிட்டைகள் எவரிடம் இருக்கின்றன? காண்ட்ராக்ட்காரரிடம் இருக்காது, அதிகாரியிடமும் இருக்காது. நம் கடைப் பரணில் கட்டுக் கட்டாக இருக்கின்றன, எலி கடித்தது போக.

விலை எழுதும் முன் இடத்தைப் போய்ப் பார்த்துவிட வேண்டும். தண்ணீர் யாருடையது, கரண்டுக்குத் தனி மீட்டரா, எச்சில் இலைக் குப்பையை யார் அள்ளுவது, கிரைண்டர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். டெண்டரில் முந்நூறு பேர் என்று எழுதியிருப்பார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள்; செமஸ்டர் விடுமுறையில் காக்கை கூட இருக்காது. ஆட்களுக்குக் கூலி மட்டும் முந்நூறு பேர் கணக்கில் ஓடும். "குறைந்தபட்சம் இத்தனை சாப்பாட்டுக்குப் பணம் உண்டு" என்ற உறுதி இருக்கிறதா என்று டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு நம்மவர்கள் போவதே இல்லை. போனாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வருகிறார்கள். அங்கே கேட்ட கேள்விக்குத் திருத்தம் வெளியிட்டால் அது எல்லாரையும் கட்டுப்படுத்தும். ஆர்டர் வாங்கிய பிறகு கேட்டால் எவரும் காது கொடுக்க மாட்டார்கள்.

சில இடங்களில் விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் உண்டு. அங்கே "தரமான, சுவையான, சுகாதாரமான உணவு வழங்குவோம் என உறுதி கூறுகிறோம்" என்று எழுதினால் ஒரு மார்க்கும் கிடைக்காது. எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அரிசி எந்த ரகம், எத்தனை மாதம் பழையது. எண்ணெய் எத்தனை தரம் காய்ச்சியதும் மாற்றப்படும், கழிவு எண்ணெய் எங்கே போகும். தண்ணீர்ப் பரிசோதனை எப்போது. மாஸ்டர் லீவு போட்டால் மாற்று ஆள் யார் என்று எழுத வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 'ஃபாஸ்டாக்' பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருந்தால் அந்தச் சான்றையும் வைக்க வேண்டும். (சுங்கச்சாவடியில் ஒட்டுகிற ஃபாஸ்டாக் வேறு. ஒருவர் கார் ஸ்டிக்கர் நகலை வைத்ததாகக் கேள்வி; உண்மையா தெரியாது.) பழைய அரிசி சோறு காணும், புது அரிசி குழையும் என்பது நமக்குச் சாதாரண விஷயம். மதிப்பெண் போடுகிறவருக்கு அதை நாலு வரியில் எழுதிக் காட்டினால், இவருக்குச் சரக்குத் தெரியும் என்று புரிந்துகொள்வார்.

இவ்வளவு நேரம் குறைந்த விலைக்காரருக்குப் போகும் டெண்டரைப் பற்றிச் சொன்னோம். பஸ் நிலையக் கடை, ரயில் நிலைய ஸ்டால், சில கேண்டீன்கள் நேர்மாறு. யார் அதிக உரிமத் தொகை தருகிறாரோ அவருக்கு. அங்கேயும் கணக்கு ஒன்றுதான். ரயில்வே உணவைப் பற்றி 2017இல் தணிக்கைத் துறைத் தலைவர் கொடுத்த அறிக்கையில், உண்ணத் தகாத பண்டங்களும் சுத்தமில்லாத சமையலும் கூடுதல் விலையும் பல இடங்களில் கண்டதாகச் சொல்லியிருந்தது நாடு முழுவதும் பேசப்பட்டது. அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஏலத்தில் கண்மண் தெரியாமல் தொகையை ஏற்றிவிட்டவர் அதை டீயில் தண்ணீராகத்தான் மீட்க முடியும் என்பது கடை வைத்திருக்கிற எவருக்கும் தெரிந்ததே.

"நாம் எல்லாரும் முன்கூட்டியே பேசிவைத்து, ஒருவர் குறைத்துப் போட, மற்றவர் ஏற்றிப் போட்டால் என்ன?" என்று ஒரு யோசனை அவ்வப்போது காதில் விழுகிறது. வேண்டவே வேண்டாம். 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் அது குற்றம். லாபத்தைப் போல் மூன்று மடங்கு வரையோ, விற்றுமுதலில் பத்து சதவீதம் வரையோ அபராதம் போட முடியும். சட்டத்தை விடுங்கள், அப்படிச் சேர்ந்தவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் ஒற்றுமையாக இருந்ததை நாம் பார்த்ததில்லை. பகிரங்கமாகச் சேர்வதில் தவறே இல்லை. ஒரு மளிகை, ஒரு காய்கறி மண்டி, ஒரு நல்ல மாஸ்டர் என்று மூன்று பேர் பங்குதாரர்களாகப் பதிந்து ஒரே பெயரில் ஒரே டெண்டர் போடலாம். சரக்கு மொத்த விலைக்கு வரும், இடையில் யாருக்கும் கடன் வட்டி போகாது. 45.58 என்று நாம் போட்ட அடக்கத்தில் மூன்று நான்கு ரூபாய் அப்படித்தான் குறையும். தட்டில் கை வைத்துக் குறைக்க வேண்டியதில்லை.

டெண்டர் எடுக்காமல் சரக்கு மட்டும் போடுகிறவர்கள் ஒன்று செய்யலாம். அடுத்த முறை இனிப்புப் பெட்டியோடு வருகிறவரிடம் மூன்று காகிதம் கேளுங்கள்: வேலை ஆணையின் நகல், டெண்டரில் பணம் பட்டுவாடா பற்றிய பக்கம், அவர் போட்ட விலைப் பட்டியல். கொடுக்கத் தயங்குகிறவருக்கு நாமும் தயங்கலாம். கொடுத்தால், மேலே சொன்ன மாதிரி ஒரு சீட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைக்கு மூன்று வேளைக்கும் நாளொன்றுக்கு 120 ரூபாய் என்று எடுத்திருந்தால், முந்நூறு பேருக்கு மாதம் 10 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் பில். முதல் பணம் மூன்று மாதம் கழித்து வரும் என்றால், அதுவரை 30 லட்சத்துக்கும் மேல் எங்கிருந்தாவது புரள வேண்டும். அவர் கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். "நீங்கள் இருக்கிறீர்களே அண்ணாச்சி" என்று பதில் வந்தால், அந்த டெண்டரை உண்மையில் எடுத்திருப்பது யார் என்று தெரிந்துவிடும். கடனுக்கு ஒரு வரம்பும், முதல் பில் வந்ததும் முதலில் நம் கணக்கில் இவ்வளவு என்று எழுத்தில் ஒரு ஒப்புதலும் வாங்கிக்கொண்டு மூட்டையை ஏற்றுங்கள்.

அரசிடமும் நாம் கேட்க வேண்டியது இருக்கிறது. உணவு டெண்டர்களில் அரிசி, பருப்பு, எண்ணெய், கேஸ் நான்குக்காவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலையைத் திருத்த இடம் வேண்டும். பில் முப்பது நாளில் தீர வேண்டும். மாவட்டம் முழுவதையும் ஒரே டெண்டராகக் கட்டாமல் விடுதி விடுதியாகப் பிரித்துவிட்டால் உள்ளூர் வியாபாரி உள்ளே வர முடியும். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் வட்டிப் பாதுகாப்பில் வியாபாரிகளையும் சேர்க்க வேண்டும்.

உறுப்பினர்கள் தாங்கள் போட்டுத் தள்ளுபடியான டெண்டர்களின் நகலையும், தள்ளுபடிக்கு எழுத்தில் தந்த காரணத்தையும் சங்க அலுவலகத்துக்கு அனுப்பினால், கோரிக்கை மனுவோடு இணைக்க உதவும். பெயரையும் விலையையும் மறைத்துவிட்டு அனுப்பலாம்.